தேயும் பிரேக்கும் பழகிப்போகும் கையும்

ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் 100 சிசி மோட்டார் சைக்கிளை நிறுத்த வேண்டுமானால், சுமார் 25,000 ஜூல் இயக்க ஆற்றலை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. 100 மில்லி தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோக அந்த வெப்பம் போதும். ஒரு சிக்னலில் ஒருமுறை நின்றால் ஒரு சிறிய டம்ளர் வெந்நீர் என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் பாதியானால், அதாவது 30 கி.மீ. என்றால், ஆற்றல் நான்கில் ஒரு பங்காக, 6,250 ஜூலாகக் குறைந்துவிடும். வேகத்தின் இருமடிக்கு ஏற்பவே பிரேக்கின் வேலை கூடுகிறது.

இந்தச் சூட்டைத் தாங்குபவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சில உராய்வுத் துண்டுகள். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அவற்றிலிருந்து துளியளவு பொடி உதிர்கிறது. டயரைப் போலவே பிரேக் ஷூவும் பேடும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. தேய்மானம் மிக மெதுவாக நடப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. பெடல் ஒரு நூலிழை கூடுதலாக இறங்கினால் கால் ஒரு நூலிழை கூடுதலாக மிதிக்கப் பழகிக்கொள்கிறது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்த வண்டியை ஓட்டும்போதுதான் “என்ன, பிரேக்கே பிடிக்கலையே” என்ற பேச்சு வருகிறது. ஓட்டுபவரின் கையும் காலும் இந்த விஷயத்தில் நம்பத்தகுந்த சாட்சிகள் அல்ல. தேய்மானத்தைக் கண்ணால் பார்த்து, அளந்துதான் அறிய வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவை.

சாலையில் ஓடும் இருசக்கர வாகனங்களில் இரண்டு வகை பிரேக்குகள் உள்ளன. டிரம் பிரேக்கில் சக்கரத்தின் ஹப்பே ஒரு குடம் போலிருக்கும். அதனுள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் கம்பி இழுபட்டு, வெளியே தெரியும் சிறிய கை திரும்பும். அதோடு சேர்ந்து உள்ளிருக்கும் கேம் திரும்பி, ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். காலை எடுத்ததும் இரண்டு ஸ்பிரிங்குகள் ஷூக்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். இரண்டு ஷூக்களில் ஒன்றைச் சக்கரத்தின் சுழற்சியே டிரம்மோடு சேர்த்து இழுத்து மேலும் இறுக்குகிறது. மற்றொன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறது. எண்ணெயும் பம்ப்பும் இல்லாமல் ஒரு காலின் பலத்தில் டிரம் பிரேக் வண்டியை நிறுத்துவதன் சூட்சுமம் இந்தத் தன்னிறுக்கம்தான். கழற்றிப் பார்க்கும்போது இரண்டு ஷூக்களும் ஒரே அளவில் தேய்ந்திருக்காததற்கும் அதுவே காரணம்.

டிஸ்க் பிரேக்கில் எல்லாம் வெளியில் தெரியும். சக்கரத்தோடு சுழலும் எஃகு வட்டை, கேலிப்பருக்குள் இருக்கும் இரண்டு பேடுகள் இருபுறமும் இறுக்கிப் பிடிக்கின்றன. கைப்பிடி லீவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள திரவம் குழாய் வழியாகப் போய்க் கேலிப்பரின் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு ரப்பர் வளையம் அப்போது சற்று முறுக்கிக்கொள்ளும். லீவரை விட்டதும் அந்த முறுக்கு அவிழ, பிஸ்டன் ஒரு மயிரிழை பின்வாங்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் வளையத்தில் வழுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக்கொள்வதால் டிஸ்க் பிரேக்கை யாரும் ‘டைட்’ செய்ய வேண்டியதில்லை. இந்த வசதியே தேய்மானத்தை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது. பேட் முக்கால்வாசி தேய்ந்த பிறகும் லீவர் புதிதுபோலவே பிடிக்கும்.

இரண்டு வகைக்கும் காப்புரிமை பதிவானது ஒரே ஆண்டில், 1902இல். டிரம் பிரேக்குக்குப் பிரான்சின் லூயி ரெனோ, டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர். லான்செஸ்டரின் பிரேக்கில் செம்பும் இரும்பும் நேரடியாக உரசின. கிரீச்சொலி தாங்க முடியாததாக இருந்தது. டிரம் எளிமையாலும் விலைக் குறைவாலும் வென்றது. அதிக எண்ணிக்கையில் விற்பனையான மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க் வந்தது 1969இல், ஹோண்டா சிபி 750 வண்டியோடு. இந்தியாவில் 2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்கு உட்பட்டவற்றில் குறைந்தது சிபிஎஸ் என்னும் இணைப்பு பிரேக்காவது இருக்க வேண்டும் என்றும் அப்போது விதிக்கப்பட்டது.

உரசும் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தேய்மானத்தின் கதை அங்கேதான் இருக்கிறது. பேடின் இரும்புத் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பகுதி ஒரே பொருளல்ல, ஒரு கலவை. ஃபீனாலிக் பிசின் எல்லாவற்றையும் பிணைத்து நிற்கிறது. நார்கள் வலுவைத் தருகின்றன. உலோகத் துகள்கள் சூட்டைக் கடத்துகின்றன. கிராஃபைட் உராய்வைச் சீராக்குகிறது. இவற்றோடு முந்திரியும் உண்டு. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் காரமான எண்ணெயை இறுகவைத்துப் பொடித்து, உராய்வுத் தூளாகக் கலக்கிறார்கள். பண்ருட்டியிலும் கொல்லத்திலும் பருப்பு உடைத்தபின் மிஞ்சும் ஓட்டுக்கு இப்படியொரு பயன் இருக்கிறது. கையில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் அந்த எண்ணெய், பிரேக்கின் சத்தத்தைக் குறைத்து, பிடிப்பை மென்மையாக்குகிறது.

முன்பெல்லாம் நாரின் இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. சூடு தாங்குவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்குகின்றன என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. பெரிய தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட்டு வந்திருக்கிறார்கள் என்றாலும், பழைய ஷூக்களிலும் ஊர்பேர் தெரியாத மலிவுச் சரக்கிலும் அது இருக்கக்கூடும். ஆகவே பிரேக்கைத் திறந்ததும் வாயால் ஊதித் தூசியை வெளியேற்றும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிவதே முறை. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தூசியும் மூச்சுக்கு நல்லதல்ல. ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகும் சிறுவர்கள் நாள் முழுக்க இதைச் சுவாசிக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

சாதாரணச் சூட்டில் இந்தக் கலவை சீராகவும் மெதுவாகவும் தேய்கிறது. தேய்ந்த பொடியில் ஒரு பகுதி வட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, பேடுக்கும் வட்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் பொருளாக நின்று பிடிப்பைத் தருகிறது. புது பேட் போட்டவுடன் பிரேக் மந்தமாக இருப்பதற்குக் காரணம், அந்தப் படலம் இன்னும் உருவாகாததும் இரண்டு முகங்களும் முழுதாகப் பொருந்தாததும்தான். சூடு 300 டிகிரியை ஒட்டி ஏறும்போது நிலைமை மாறுகிறது. பிசின் சிதையத் தொடங்கி, வாயு கசிந்து, தேய்மானம் பல மடங்கு விரைகிறது, பிடிப்போ குறைகிறது. ஆறியபின் பேடின் முகம் கண்ணாடிபோல் மின்னும். மெக்கானிக்குகள் ஷூவைக் கழற்றிச் சிமெண்டுத் தரையிலோ உப்புத்தாளிலோ தேய்ப்பது இந்த மினுமினுப்பைப் போக்கத்தான். லேசான மினுமினுப்புக்கு அது சரி. கருகி வெடிப்பு விட்ட ஷூவை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

மலைப்பாதையில் இது எப்படி நடக்கிறது என்பதற்குக் கொல்லிமலை நல்ல உதாரணம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொண்டால், வண்டி இழக்கும் நிலையாற்றல், 60 கி.மீ. வேகத்திலிருந்து 70 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். வண்டியின் எடை எவ்வளவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. வளைவுக்கு ஒரு முழு நிறுத்தம் என்று கணக்கு அழகாகப் பொருந்திவிடுகிறது. இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். பெரும்பங்கை இஞ்சின் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வண்டி இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ இருக்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர், இஞ்சின் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் இரண்டு ஜோடித் துண்டுகளின் தலையில் கட்டுகிறார். டிரம் பிரேக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சூட்டில் டிரம் விரியும். ஷூ சுவரைத் தொட இன்னும் தூரம் போக வேண்டும். அடிவாரம் நெருங்க நெருங்கப் பெடல் கீழே கீழே இறங்குவது அதனால்தான்.

சமவெளியில் தேய்மானத்தைக் கூட்டுவது ஒரு தவறான நம்பிக்கை. முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்று பயந்து பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவர்கள் ஏராளம். மணலிலும் திருப்பத்திலும் முன்பிரேக்கைச் சட்டென இழுத்தால் விழக்கூடும் என்பது உண்மைதான். நேர்ச்சாலையில் நிலைமை வேறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னுக்குச் சாய்கிறது. 180 கிலோவில் நின்ற நிலையில் முன்சக்கரத்தில் 81 கிலோவும் பின்சக்கரத்தில் 99 கிலோவும் இருப்பதாகக் கொள்வோம். நன்றாக அழுத்திப் பிடிக்கையில் சுமார் 53 கிலோ பின்னிருந்து முன்னுக்கு மாறி, முன்னே 134, பின்னே 46 என்றாகிவிடும். 46 கிலோ மட்டும் அமர்ந்திருக்கும் சக்கரத்தால் எவ்வளவு பிடிக்க முடியும்? மேலும் மிதித்தால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் 60 கி.மீ. வேகத்திலிருந்து 23 மீட்டரில் நிற்கக்கூடிய வண்டி, பின்பிரேக்கால் மட்டும் நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் எடுக்கும். தேய்ந்த பிரேக்கால் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் 23 மீட்டர் 35 ஆகிவிடும். கூடும் 12 மீட்டர் ஒரு டவுன் பஸ்ஸின் நீளம்.

இனி வீட்டில் பார்க்க வேண்டியவை. முதலில் பின் டிரம். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட வேண்டும். ஒன்றிரண்டு சுற்றாவது தடையின்றி ஓடி நின்றால் நல்லது. ‘சர்ர்’ என்ற உரசலோடு உடனே நின்றால் ஷூ எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்று பொருள்; பெட்ரோலும் ஷூவும் சேர்ந்தே கரையும். அடுத்து, பெடலைக் கையால் அழுத்தி, பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடம்வரை அது எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இந்த வெற்றசைவு 20 முதல் 30 மி.மீ. இருக்கலாம். முன்சக்கரமும் டிரம் என்றால் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. துல்லியமான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்தப் புத்தகம் பல வீடுகளில் பிரிக்கப்படாமலேயே கிடக்கிறது.

அசைவு கூடியிருந்தால் பிரேக் கம்பியின் நுனியிலுள்ள நட்டை இறுக்க வேண்டும். இந்த நட்டின் முகத்தில் ஒரு குழிவு இருக்கும். அது, டிரம்முக்கு வெளியே தெரியும் பிரேக் கையின் உருளைப் பின்மேல் கச்சிதமாக உட்கார வேண்டும். ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஒருமுறை உட்காரும். உட்காராமல் விளிம்பில் நிற்கும் நட், வண்டி ஓடும் அதிர்வில் தானாகத் திரும்பிவிடும். இறுக்கியபின் சக்கரத்தை மறுபடி சுழற்றிப் பார்ப்பதோடு, பெடலை மிதித்துப் பின்விளக்கு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெடலின் நிலை மாறினால் விளக்கின் ஸ்விட்சையும் சரிசெய்ய நேரும். செயினை இறுக்கும் நாளில் இந்தச் சோதனை கட்டாயம். செயினுக்காகச் சக்கரம் பின்னுக்கு நகரும்போது பிரேக் கம்பியும் இழுபட்டு, ஷூ டிரம்மை உரசத் தொடங்கிவிடும். செயினை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பப்பட்ட வண்டியில் நாலே நாளில் ஹப் கொதிப்பதற்கு இதுவே காரணம்.

ஷூ எவ்வளவு மிச்சம் என்பதைக் கழற்றாமலே சொல்லும் ஒரு சிறிய முள் டிரம் மூடியின் வெளிப்புறத்தில், பிரேக் கையின் அடியில் பல வண்டிகளில் இருக்கிறது. பெடலை முழுதாக அழுத்திப் பிடிக்கும்போது அந்த முள், மூடியில் பொறித்துள்ள கோட்டைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. புதிதாக 4 மி.மீ. அளவில் இருக்கும் உராய்வுப் பட்டை பாதியானதும் மாற்றுவது பொது வழக்கம். முள் இல்லாத வண்டியில் கையின் கோணத்தைப் பார்க்கலாம். பிரேக் பிடித்த நிலையில் கையும் கம்பியும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் நின்றால் நெம்புவிசை முழுதாகக் கிடைக்கும். கை அதைத் தாண்டி வெகுவாக முன்னே சாய்ந்திருந்தால் ஷூ தேய்ந்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் விசையில் ஒரு பகுதி வீணாகும்.

இங்கே ஒரு குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது. ஷூ தேய்ந்து, நட்டும் மரை முடியுமட்டும் இறுகிவிட்டால், கையைக் கழற்றி ஒரு பல் பின்னுக்குத் தள்ளி மாட்டிவிடுவார்கள். பெடல் உடனே மேலே வந்துவிடும், செலவும் இல்லை. ஆனால் உள்ளிருக்கும் கேம் அளவுக்குமேல் திரும்புகிறது. ஒருநாள் ஆத்திர அவசரத்தில் பலமாக மிதிக்கும்போது கேம் புரண்டு அப்படியே சிக்கிக்கொண்டால் சக்கரம் பூட்டிவிடும். காட்டும் முள்ளும் அதன்பின் பொய்யே சொல்லும். யார் செய்தாலும் இது தவறு. ஒரு ஜோடி ஷூவின் விலைக்காக எடுக்கக்கூடிய அபாயம் அல்ல இது.

ஷூ மாற்றும்போது ஸ்பிரிங்குகளையும் மாற்றுவது நல்லது. தளர்ந்த ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுக்காது. கேமின் தண்டில் அரிசியளவு கிரீஸ் போதும். கூடினால் சூட்டில் உருகி ஷூவில் வழியும். டிரம்முக்கும் தேய்மான வரம்பு உண்டு. 130 மி.மீ. டிரம் பொதுவாக 131 வரை போகலாம். உச்ச அளவு அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கேபிளால் இயங்கும் முன்பிரேக்கில், லீவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளின் இழைகளைப் பார்க்க வேண்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அன்றைக்கே மாற்ற வேண்டும். மற்ற இழைகள் அதிக நாள் தாங்காது.

டிஸ்க் பிரேக்கைப் பார்க்க ஒரு டார்ச் போதும். கேலிப்பரின் பின்புறமிருந்தோ கீழிருந்தோ வெளிச்சம் அடித்தால், வட்டின் இருபுறமும் பேடின் விளிம்பு தெரியும். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, அதன்மேல் உள்ள உராய்வுப் பகுதியை மட்டும் அளவிட வேண்டும். வீட்டிலுள்ள ஏடிஎம் அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. இரண்டு அட்டைகளைச் சேர்த்துப் பிடித்து ஒப்பிட்டால் 1.5 மி.மீ. எவ்வளவு என்பது கண்ணுக்குப் பிடிபடும். பேட் அந்த அளவுக்கு வந்துவிட்டால் புதியதை வாங்கி வைக்க வேண்டும், 1 மி.மீ.க்குக் கீழே ஓட்டவே கூடாது. பல பேடுகளின் முகத்தில் ஒரு பள்ளக் கோடு இருக்கும். அது மறையும் நாளே மாற்றும் நாள். இரண்டு பேடுகளில் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கேலிப்பர் வழுக்கி நகரும் பின்கள் சேற்றிலும் துருவிலும் இறுகிவிட்டன என்று அறியலாம். அவற்றைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் அங்குள்ள ரப்பரை ஊதவைக்கும்.

உராய்வுப் பகுதி தீர்ந்தபின்னும் ஓட்டினால் இரும்புத் தகடு நேரடியாக வட்டைச் செதுக்கும். கரகரவென்று எலும்பை அறுப்பதுபோல் ஒரு சத்தம் வரும். பேடின் விலையைப்போலப் பல மடங்கு வட்டின் விலை. வட்டை நகத்தால் உள்ளிருந்து வெளிநோக்கி வருடினால் வரிப்பள்ளங்கள் தட்டுப்படும். லேசானவை பரவாயில்லை, நகம் சிக்கும் அளவு ஆழமானவை கூடாது. புதிதில் 4 மி.மீ. உள்ள வட்டுக்கு 3.5 மி.மீ. கடைசி எல்லை என்பது பரவலான அளவு. உண்மையான எல்லை வட்டின்மேல் எண்ணாகவே பொறிக்கப்பட்டிருக்கும். பேட் படாத வெளிவிளிம்பு தேயாமல் கரைபோல உயர்ந்து நிற்பதால், வெர்னியரைக் குறுக்கே வைத்தால் அந்தக் கரையைத்தான் அளக்கும். தேய்ந்த பகுதிக்குள் நுழையும் ஸ்க்ரூ கேஜால் நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலில் துடிப்பதுபோல் இருந்தால் வட்டு கோணியிருக்கக்கூடும், 0.3 மி.மீ. கோணலே பல வண்டிகளுக்கு வரம்பு.

டிஸ்க் பிரேக்கில் அதிகம் தவறு நடக்கும் இடம் திரவம். அதற்குக் கடைத்தெருவில் வழங்கும் பெயரே முதல் தவறு. ‘பிரேக் ஆயில்’ என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். ஆனால் டாட் 3, டாட் 4 என்று எண்ணிட்டு விற்கப்படும் அந்தத் திரவம் எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆனது, தண்ணீரோடு கலக்கக்கூடியது. ஆயில்தானே என்று அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலை ஊற்றினால், உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போய் மொத்த அமைப்பும் பாழாகும். மறுபுறம் இந்தத் திரவம் பெயின்டைத் தின்னும். டேங்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தண்ணீரில் கரைவதால் போய்விடும்.

தண்ணீரோடு கலக்கும் இந்தக் குணத்தால் திரவம் காற்றின் ஈரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்கிறது. புது டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரியாக இறங்குகிறது. டாட் 3க்கு இதே எண்கள் 205, 140. மலையிறக்கத்தில் கேலிப்பர் சுடும்போது பழைய திரவம் கொதித்து நீராவிக் குமிழி உண்டானால், லீவர் எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடிவரை வந்துவிடும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும் என்பதுதான் காரணம். ஆகவே வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்ற வேண்டும். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது காப்பி டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்றலாம். எந்த வகை வேண்டும் என்பது தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். திறந்து பாதி மிச்சமான டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைப்பதில் பயனில்லை. அது டப்பாவிலேயே ஈரத்தைக் குடித்துவிடும்.

தொட்டியின் கண்ணாடியில் மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்புவது வழக்கம். அதற்குமுன் பேடைப் பார்க்க வேண்டும். பேட் தேய்ந்து பிஸ்டன் முன்னேறியதால் அந்த இடத்தை நிரப்பத் திரவம் இறங்கியிருக்கிறது. புது பேட் போட்டுப் பிஸ்டனைப் பின்னே தள்ளும்போது அதே திரவம் மேலேறும். இடையில் நிரப்பியிருந்தால் வழிந்து டேங்கில் கொட்டும். பேட் தடிமனாக இருந்தும் மட்டம் குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். அது அபாயம்.

லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அதை வீட்டிலேயே எடுக்கலாம். கேலிப்பரின் நிப்பிளில் ரிங் ஸ்பானரைப் போட்டு, அதன்மேல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் திரவம் உள்ள பாட்டிலில் அமிழ்த்த வேண்டும். லீவரை இரண்டு மூன்று முறை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளைக் கால்சுற்று திறந்தால், குழாயில் குமிழிகள் ஓடுவது தெரியும். லீவர் கைப்பிடியைத் தொடும்போது நிப்பிளை மூடிவிட்டு, அதன்பிறகே லீவரை விட வேண்டும். வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். மேலே தொட்டி காலியாகாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் செய்த வேலை முழுவதும் வீண். ஏபிஎஸ் வண்டியில் காற்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் புகுந்தால் எடுக்கத் தனிக் கருவி தேவைப்படலாம் என்பதால் அதை ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிடலாம். லீவரை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி நழுவினால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

பேட் மாற்றியபின் செய்ய வேண்டிய முதல் காரியத்தை மறந்தால் விபத்து நிச்சயம் என்றே சொல்லலாம். பின்னே தள்ளப்பட்ட பிஸ்டன் அங்கேயே இருப்பதால் முதல் சில அழுத்தலுக்குப் பிரேக் இருக்காது. வண்டி நின்ற இடத்திலேயே, லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்தியபிறகே கிளம்ப வேண்டும். பிறகு ஆளில்லாத சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, சற்று ஆறவிட்டு, மறுபடி குறைத்து என்று 15, 20 முறை செய்தால் படலம் சீராகப் படியும். முழுப் பிடிப்பு வர ஓரிரு நூறு கிலோமீட்டர் ஆகும்.

எண்ணெய் பட்ட பேடைக் காப்பாற்ற வழியில்லை. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின்வட்டில் தெறிப்பதும், முன்ஃபோர்க்கின் சீல் ஒழுகிக் கேலிப்பரில் இறங்குவதும் அடிக்கடி நடப்பவை. பேட் நுண்துளைகள் உள்ள பொருள், எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். வட்டைப் பிரேக் கிளீனராலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலோ துடைக்கலாம். பேடை மாற்றத்தான் வேண்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் இந்தப் பக்கமே வரக் கூடாது. வாட்டர் வாஷ் முடிந்ததும், மழையில் நனைந்ததும் பிரேக் சற்று மந்தமாகும். கொஞ்ச தூரம் லேசாகப் பிடித்தபடி ஓட்டினால் உரசும் சூட்டில் காய்ந்துவிடும். இரவு நனைந்த டிஸ்க்கில் காலையில் தெரியும் பழுப்பு நிறத் துரு இரண்டு பிடிப்பில் போய்விடும், கவலைப்பட ஒன்றுமில்லை.

இத்தனையும் பார்க்க மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிடம் போதும்: சக்கரம் சுழல்கிறதா, பெடல் எவ்வளவு இறங்குகிறது, முள் எங்கே நிற்கிறது, பேட் எவ்வளவு மிச்சம், திரவம் என்ன நிறம். ஷூவோ பேடோ மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவைத்தால் அடுத்தது எப்போது என்பது தானே தெரியும். ஒரே மாடல் வண்டியில் நெரிசலில் ஓட்டுபவருக்கும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கும் பேட் ஆயுள் இருமடங்குகூட வேறுபடும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு இங்கே உதவாது.

வண்டியை இரவல் கேட்டு வருபவரிடம் சாவியை நீட்டும்போது, “பிரேக் கொஞ்சம் லூஸு, பார்த்துப் போப்பா” என்று சொல்லி அனுப்புவது நம் ஊர்களில் சாதாரணம். சொல்பவரின் கால் அந்தப் பெடலுக்குப் பழகிவிட்டது; வாங்கிப்போகும் பிள்ளையின் காலுக்கு அது தெரியாது. அப்படிச் சொல்ல நேர்ந்தால் அன்றைக்குச் சாவியைத் தர வேண்டாம். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, முதலில் அந்த நட்டைப் பாருங்கள்.